என் மகளைத் தலைவியாக்கிய மச்சானுக்கு

மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனம் வராத, என் மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. உங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்றும், அக்காவுக்கு முழங்கால் மடங்கத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை சுகம். உங்கள் மருமகள் மிகமிகச் சுகம். நான் வீட்டில் இருக்கிறேன். கல்லூரி கேன்டீன் நடத்துகிறவன் வேலை நாளில், பட்டப்பகலில், வீட்டில் இருக்கிறேன் என்றால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், நானே எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சோபாவில் முழு நீளத்துக்கும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, நல்ல மாணவர் தலைவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று என் மகளுக்கு வகுப்பெடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? ஊர் ஊராகப் போய் அதையே பேசிப் பிழைப்பவர் நீங்கள். கேட்பவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார்கள், நீங்களும் அடுத்த மேடைக்குப் போய்விடுவீர்கள், யாருக்கும் சேதமில்லை. இவள் மறக்கவில்லை மச்சான். எல்லார் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கணும், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது, பெரியவங்க முன்னாடியும் உள்ளதைச் சொல்லணும் என்று நீங்கள் சொன்ன அத்தனையையும் நிஜம் என்று நம்பி, நான் கேன்டீன் நடத்திய அதே கல்லூரியில் மாணவர் தேர்தலில் நின்றுவிட்டாள்.

எதிர்த்து நின்றவன் ஒரு பையன். கல்லூரி முழுக்க அவனுக்குச் சிரிப்பன் என்றுதான் பெயர். அவன் யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுவான். சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேரிடமும் “நீ சொல்றதுதான் சரி” என்பான். வாட்ச்மேன் வீட்டு நாய்க்குக்கூடப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லக்கூடியவன். அவனை எப்படியோ தோற்கடித்து இவள் தலைவியானாள், அவன் துணைத் தலைவனானான். அன்றைக்கு நான் எல்லாருக்கும் இலவசமாகத் தேநீர் ஊற்றினேன். பெற்றவனுக்குப் பெருமை வந்தால் கை சும்மா இருக்குமா?

மறுநாளிலிருந்து அவள் என் கேன்டீனின் மூலை மேசையில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். குறுக்கே பேசாமல், தலையை மட்டும் ஆட்டி, அவ்வளவு பொறுமையாகக் கேட்டாள். அடடா, என்ன பொறுப்பு என்று பூரித்துப்போய், அந்த மேசைக்கு மட்டும் தேநீரை நானே கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்ததே அந்தத் தேநீரைத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் பக்கத்தில் போனால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பெரியவர் வந்துவிட்டாரே என்ற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மாணவர் கூட்டம் நடந்தது. பெரிய ஹால், முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் பிரின்ஸ்பால். நான் கையில் தேநீர்த் தட்டோடு வாசலில் நிற்கிறேன். என் மகள் மைக்கைப் பிடித்தாள். நூலகத்தில் விளக்கு எரியவில்லை என்றாள், சரி. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்றாள், அதுவும் சரி. “கேன்டீன்ல ஒரே எண்ணெயில திரும்பத் திரும்பப் பொரிக்கிறாங்க. தண்ணித் தொட்டிக்கு மூடி கிடையாது” என்றாள். பின்னாலிருந்து எவனோ, “கேன்டீன் யாரோடது, சொல்லேன் பார்ப்போம்!” என்று கத்தினான்.

“எங்கப்பாவோடது” என்றாள்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தட்டைக் கீழே வைக்கவும் இடமில்லை, தூக்கிக்கொண்டு ஓடவும் காலில்லை. கடைசியில், பழக்கதோஷத்தால், முன்வரிசைக்குத் தேநீர் கொடுத்தேன். ஒருத்தரும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன்டி, இதை வீட்டிலேயே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன்ப்பா. எத்தனையோ தடவை சொன்னேன். சரி சரின்னுட்டு டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.”

“அதுக்காக ஊருக்கு முன்னாடி எங்கப்பான்னு சொல்லணுமா?”

“வேற யாரு அப்பான்னு சொல்லச் சொல்றீங்க?”

உங்கள் தங்கை சமையலறையிலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இத்தோடு போயிருந்தால் ஒரு மூடி வாங்கிப் போட்டிருப்பேன், எண்ணெயையும் மாற்றியிருப்பேன். அவள் கேட்டதும் அவ்வளவுதான், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுங்கள் என்றுதான் கேட்டாள். ஆனால் பிரின்ஸ்பாலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் மனைவியின் தம்பி ஒருவன் ரொம்ப நாளாக அந்த இடத்தின்மேல் கண் வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்டு, “மாணவர் நலன்தான் எங்களுக்கு முக்கியம். உங்க பொண்ணே சொல்லிட்டா, நாங்க என்ன பண்ண முடியும்?” என்று உருக்கமாகச் சொல்லிவிட்டுக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அத்தனை வருஷம் அந்த மனிதருக்குச் சர்க்கரை குறைவாகத் தேநீர் போட்டுக் கொடுத்தவன் நான். என் அடுப்பு வெளியே போன வழியாகவே அவர் மைத்துனன் அடுப்பு உள்ளே வந்தது. சிரிப்பன் வாசலில் நின்று என்னை வழியனுப்பிவிட்டு, அதே கையால் அவனை வரவேற்றான். இப்போது அண்டாவும் குண்டானும் எங்கள் வரவேற்பறையில் கிடக்கின்றன. சோபாவுக்குப் போக அண்டாவைத் தாண்ட வேண்டும். அடுத்த முறை நீங்கள் கால் நீட்டுவது கஷ்டம்.

ஆகவே மச்சான், நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். சொல்லாமல் விட்ட குணங்களையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். நல்ல தலைவர் என்றால் எந்தக் கதவைத் தட்டக் கூடாது என்று தெரிந்திருக்கணும். பார்த்ததில் பாதியை விழுங்கத் தெரியணும். எல்லாருக்கும் நல்லவனாக இருந்து யாருக்கும் எதுவும் செய்யாமல் தப்பிக்கத் தெரியணும். சிரிப்பனைப் பாருங்கள், எவ்வளவு லட்சணமான தலைவன்! அவன் ஒருநாள் மந்திரியாவான், இவள் ஒருநாள் நடுத்தெருவில் நிற்பாள். இன்றே பதவியை ராஜினாமா செய்யச் சொல்லுங்கள். என் பேச்சை அவள் கேட்க மாட்டாள். உங்கள் பேச்சைக் கேட்டதனால்தானே இந்தக் கதி. போட்ட முடிச்சை நீங்களே வந்து அவிழ்த்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்கள் எந்தப் பதவிக்கும் நிற்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தலைவியைப் பெற்ற குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும்,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறை ஒட்டும் முன் உங்கள் தங்கை ஓடிவந்து ஒரு செய்தி சொன்னாள், சட்டையை மாட்டிக்கொண்டு கடிதமும் கையுமாகக் கல்லூரிக்கு ஓடினேன். பிரின்ஸ்பால் அறை வாசலில், தரையில், இவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பிரின்ஸ்பால் தன் உறவுக்காரனுக்குக் கேன்டீனைத் தூக்கிக் கொடுத்தது தப்பு, எல்லாருக்கும் அறிவித்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறாளாம். என் எண்ணெய்க்குக் கூரை பிய்யக் கைதட்டிய கூட்டத்தில் ஒருத்தரைக் காணோம். பிரின்ஸ்பால் என்றதும் எல்லாருக்கும் படிப்பு ஞாபகம் வந்துவிட்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்காரப் பார்த்தேன். “இங்க வேணாம்ப்பா. நீங்க உக்காந்தா உங்களுக்காகக் கேக்கிறேன்னு ஆயிடும். தள்ளி உக்காருங்க” என்றாள். அதனால் இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமாப் பேச்சை மட்டும் அவளிடம் எடுக்காதீர்கள். வருவதென்றால் வாருங்கள், பேசக் கூடாது. படியில் என் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.