ஆனிக் காற்றில் பறந்த தாய்மாமன் சீர்

சொந்தத் தொழில் தொடங்குகிற பெண்ணுக்கு வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே தலைக்கனம் வந்துவிடும். எனக்கு விசிட்டிங் கார்டோடு சேர்ந்தே வந்தது. அதில் என் பெயரைவிட 'நிறுவனர்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஓடைப்பட்டியில் அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டித்தான் அப்பாவும் அம்மாவும் என்னை பி.காம். வரை கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலையும் கிடைத்தது. அதை உதறிவிட்டு ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கி, சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்யப் போகிறேன் என்றேன்.

"ஏசி ரூம்புல உக்காந்து பாக்குற வேலைய விட்டுட்டு தட்டு சோடிக்கப் போறியா? பாக்குறவக என்னத்தா சொல்லுவாக?" என்றாள் அம்மா.

"இதுக்குப் பேரு ஈவென்ட்ஸ்மா."

"என்ன எழவோ. ஒங்கப்பாகிட்ட நீயே சொல்லு."

(சொன்னேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேச்சை நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.)

முதல் ஆர்டர் பண்ணைப்புரம் செல்வம் அண்ணனிடமிருந்து வந்தது. தேங்காய் உரிக்கும் தொழிலாளி. அவர் தங்கச்சி தனத்தைக் காமயகவுண்டன்பட்டியில் கொஞ்சம் பெரிய இடத்தில் கொடுத்திருந்தார். தனத்தின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்தில் செய்தது போதாது என்று தனத்தின் மாமியார் இன்னமும் சொல்லிக்காட்டுவாராம்.

"தட்டு நெறஞ்சு தெரியணும் தாயி. எந்தங்கச்சி அந்த வீட்டுல நிமிந்து நிக்கணும். என் வசதியும் ஒனக்குத் தெரியும்."

"உயரத்த எங்கிட்ட விடுங்கண்ணே," என்றேன் நிறுவனர் குரலில்.

தெர்மாகோலைக் கூம்பாக வெட்டி, அதன்மேல் பல்குச்சியால் திராட்சையும் ஆப்பிளும் குத்தி நிரப்பினேன். கொஞ்சம் பழம், கோபுர உயரம். உள்ளே இருப்பது செல்வம் அண்ணனுக்கும் தனத்துக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வீட்டில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, புகைப்படம் எடுத்தேன். ஒரு பழம் அசையவில்லை.

அது ஆனி மாதம். ஆனியில் எங்கள் பள்ளத்தாக்கில் தகரக் கூரைமேல் கல் தூக்கி வைப்பார்கள். வண்டியில் போகிறவர்கள் வேட்டியை இடுக்கிக்கொண்டு போவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது ஞாபகம் வரவில்லை. (படிப்பு வந்த இடத்தில் வேறு எதற்கும் இடமில்லை போலும்.)

காதுகுத்து அன்று காமயகவுண்டன்பட்டியில் கொட்டுமேளத்தோடு ஊர்வலம் கிளம்பியது. தட்டு ஏந்திய பெண்கள் "இம்புட்டு ஒசரத்துக்குக் கனமே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். தெரு முடிந்து வயல்வெளி தொடங்கும் முக்கு. அங்கே ஒரு காற்று வந்தது. முன்னால் போன திராட்சைக் கோபுரம் தட்டிலிருந்து எழுந்து, பழங்களை ஆட்கள் மேலெல்லாம் இறைத்துவிட்டு, வெள்ளையாக உருண்டு போய், எதிர்கொண்டு அழைக்கத் தனத்தோடு வந்து நின்ற மாமியார் காலடியில் நின்றது.

மேளம் நின்றது. மாமியார் அதைக் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்தார்.

"டிவிப் பெட்டிக்குள்ள வச்சு வருமே, அதுல்ல இது?"

அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தனம் கெட்டிக்காரி. சட்டென்று, "அந்த ஒண்ணு மட்டும் அழகுக்கு வச்சது அத்தே. மத்ததெல்லாம் பாருங்க, நெறயப் பழம்," என்றாள். மாமியாரும் முனகிக்கொண்டே திரும்பினார். மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார்.

என் வேலையை யாரோ குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "இது டிஸ்ப்ளே டிசைன்ங்க. கோயம்புத்தூர்ல இப்ப இதுதான் ட்ரெண்டு. வேணும்னு செஞ்சதுதான், எல்லாத் தட்டும் இப்படித்தான்," என்றேன்.

"எல்லாத் தட்டுமா?" என்றார் மாமியார்.

தனம் கண்ணை மூடிக்கொண்டாள். செல்வம் அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு தட்டையும் விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். அமுக்கிய இடத்திலெல்லாம் 'கிறீச்' என்றது.

"சீரு செய்ய வக்கில்லைன்னா வெறும் கையோட வந்திருக்கலாம்ல? ஊரைக் கூட்டி வெள்ளை அட்டையவா கொண்டாறது?"

மாமியார் இதைச் செல்வம் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். காதுகுத்து நடந்தது. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து அழுதது. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் பந்தல் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்தபின் அவர் முக்குக்குத் திரும்பிப் போய், மண்ணில் கிடந்த திராட்சையைத் துண்டில் பொறுக்கினார். நானும் குனிந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"விடு தாயி. படிச்ச புள்ள, கேட்டதுக்கு உள்ளதச் சொன்ன," என்றார்.

(உண்மையில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.)

தொழிலை நான் விடவில்லை. இப்போது முழுக்கப் பழம்தான். தூக்குகிறவர்களுக்குக் கை கடுக்கும். இருந்தும் கம்பம் சுற்றுவட்டாரத்தில் என் தட்டை வாங்குகிறவர்கள் முதலில் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். அம்மா சோறு போட்டதும் அப்பா என் தட்டில் விரலை வைத்து அமுக்கி, "உள்ளயும் சோறுதான் தாயி, தைரியமாத் தின்னு," என்கிறார். நான் வேலையை விட்டபின் அவர் என்னோடு பேசத் தொடங்கியதே இந்தக் கேலியில்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் சிரித்துவைக்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியிலும் இதே கேலி நடக்கிறதாம். அங்கே சோற்றை அமுக்கிப் பார்ப்பது மாமியார். பரிமாறுவது தனம்.