பிளக் அக்காவும் என் மிசின் வாளும்

கனகராயன்குளத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையில் மரம் அரியும் மிசின் வாள் வைத்திருக்கிற எவரும் பிளக் அக்காவிடம் ஏச்சு வாங்காமல் இருந்ததில்லை. வாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரிடம் மிசின் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் ஒழுங்கை முனையில், தகரக் கொட்டிலுக்குள் அவர் மிசின் திருத்தினார். எது வந்தாலும் முதலில் பொறி தட்டும் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பெயர் அப்படி வந்ததுதான். பிறகு மிசினோடு அன்பாகவும் கொண்டுவந்தவரோடு கோபமாகவும் கதைப்பார். எயார் ஃபில்ரர் முழுக்க மரத்தூள் அடைத்த மிசினோடு வந்த, மரம் விற்கும் ஒரு மரக்காலைக்காரரிடம், "மூக்குக்குள்ள பஞ்சை அடைச்சுப்போட்டு ஒருக்கா ஓடுங்கோ பாப்பம்" என்றார். மனிதர் ஓடவில்லை. வாசலில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் பழைய பல்தூரிகையால் ஃபில்ரரைத் தேய்த்தார்.

என் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிய மாரி அது. விடியற்காலைக் காற்றில் ஒரு பாலைமரம் ஒழுங்கைக்குக் குறுக்கே விழுந்தது. காலையில் அவளுக்கு வலி தொடங்கிவிட்டது. அவளை ஏற்றிய ஓட்டோ மரத்துக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போகும் றோட்டு அந்தப் பக்கம். என் மிசின் வாளை எடுத்துக் கயிற்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். தோள்மூட்டுக் கழன்றதுதான் மிச்சம். மிசின் இருமக்கூட இல்லை.

சத்தம் கேட்ட பிளக் அக்கா அரமும் பிளக் கழற்றும் சாவியுமாக மரத்துக்கு மேலால் ஏறி வந்தார்.

"எத்தினை தரம் இழுத்தனீர் தம்பி?"

"முப்பது இருக்கும் அக்கா."

"சோக்கைப் போட்டபடியோ?"

"ஓம்."

"அப்ப அது பெற்றோலுக்க மூழ்கிப் போச்சு."

சுவிச்சை நிற்பாட்டி, சோக்கை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பிளக் இல்லாமலே கயிற்றைப் பல தரம் இழுத்து உள்ளே தேங்கிய பெற்றோலை வெளியேற்றினார். பிளக்கைத் திருப்பிப் பூட்டிய பின், இரண்டாவது இழுப்பிலேயே மிசின் உறுமியது. நான் வாங்கக் கை நீட்டினேன். அவரோ அதை நிற்பாட்டிவிட்டு, மரத்தில் குந்தி, செயினுக்கு அரம் போடத் தொடங்கினார்.

"அக்கா, அவளுக்கு வலி!"

"தெரியும். உம்மட மொட்டைச் செயினால அரிஞ்சு முடிய, பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசு வந்திடும்."

ஓட்டோவுக்குள் முனகிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, பேசாம இருங்கோ. அக்கா செய்யட்டும்."

பத்து நிமிடம், பல் பல்லாக. பிறகு அவரே அரிந்தார். இரும்பு போன்ற பாலை அன்று மரவள்ளிக்கிழங்காய் அறுந்தது. ஓட்டோ போகிற அகலத்துக்கு இரண்டு வெட்டு. துண்டை அயலவர்கள் உருட்டிவிட்டார்கள். மத்தியானத்துக்கு முன் மகள் பிறந்தாள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்றார் தாதி.

பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் பிள்ளையோடு கொட்டிலுக்குப் போனோம். பிளக் அக்கா சவுக்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினார். கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"பெற்றோல் மணம் போகுதில்லை. நான் எட்ட இருந்தே பாக்கிறன்."

என் மனைவி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். மகள் அங்கேயே நித்திரையாகிவிட்டாள். அவள் எழும்பும்வரை நாங்கள் ஒருவரும் அசையவில்லை.