ரகப் வீட்டுக் காபி ஷாப்

வியாழக்கிழமை சந்தையிலிருந்து மாம்பழப் பையோடு வீட்டுப் படியேறும்போதே ரகப் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிர் உள்ளவரை அந்தக் கண்ணாடிக் கடைக்குள் கால் வைப்பதில்லை! வீடு நான்காவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியதால் அதே முடிவை நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது.

அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் முப்பது வருஷம் பெட்டிகள் மேல் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் அவர். வாழ்க்கையில் அவர் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகையிலிருந்து சூரியன் மறையும் மஃரிப் வரை, சந்து முனையில் ஆண்கள் காபி குடித்து அரட்டையடிக்கிற காவாக்கடையில் டாமினோ ஆட வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஆட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அது அவருடைய நாற்காலி. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்கும் ஆபத்து வந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வைத்துப் புதிதாக ஒரு காபி ஷாப் திறந்தார்கள். ரகப்பின் மனைவி பஹீகா தன் நாத்தனார் சுஆதோடு போய், ஐஸும் மாம்பழமும் சேர்த்து அரைத்த பானத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உத்தரவு போட்டாள்.

"அபூ ஹானி, இனிமே வெள்ளிக்கிழமை அஸருக்கு அப்புறம் என்னை அங்கே கூட்டிட்டுப் போறீங்க."

குவைத்தில் வேலை பார்க்கும் மகன் ஹானி தொலைபேசியில், "போங்க வாப்பா, உம்மா ஆசைப்படறாங்கல்ல," என்றான். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாய்ப்பாசம் அதிகம்.

போன வெள்ளி போனார். குளிர்சாதனக் காற்றில் முழங்கால் விறைக்க, பேரப்பிள்ளை வயசுக்காரர்கள் நடுவே ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவருடைய நாற்காலியில் நாவிதர் ஷெஹாத்தா உட்கார்ந்திருந்ததாகத் தகவல் வந்தது. தொடர்ந்து இரண்டு வெள்ளி வராதவனுக்கு நாற்காலி கிடையாது என்பது காவாக்கடைச் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்றால், அதுவும் ரகப்தான்.

எனவேதான் மாம்பழப் பை.

"இந்தா பாரு உம்மு ஹானி," என்று பையை மேஜை மேல் வைத்தார். "அந்தக் கடைக்காரன் என்ன, வானத்திலேருந்தா இறங்கி வந்தான்? மாம்பழம், ஐஸு, மிக்ஸி. இன்னிக்கு ஒத்திகை. நாளையிலேருந்து நம்ம வீடுதான் காபி ஷாப். நீ பால்கனியிலே கடல்காத்து வாங்கிக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்து குடிக்கலாம்."

"நான் குடிக்கும்போது நீங்க எங்கே இருப்பீங்க?"

"நானா? அது... நீ நிம்மதியா குடிக்கணும்னு கொஞ்சம் வெளியே போயிட்டு வருவேன்."

"காவாக்கடைக்கு."

"வெளியேன்னா அதுவும் ஒரு வெளிதானே."

பஹீகா ஒரு மாம்பழத்தை எடுத்து மோந்து பார்த்தாள். "சரி. கடையிலே இருந்த மாதிரியே இருக்கணும். ஐஸு பல்லுலே தட்டக் கூடாது. நாரு வரக் கூடாது. அப்புறம், கொட்டையெல்லாம் எனக்கு."

கடைசி நிபந்தனை புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் மாம்பழம் யார் அறுத்தாலும் கொட்டை பஹீகாவுக்கு. முழங்கை வரை சாறு வழிய, கொட்டை வெள்ளையாகும்வரை சப்பாமல் விடமாட்டாள். ஹானி குழந்தையாக இருந்தபோது ஒரு கொட்டையைத் திருடிச் சப்பியதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ரகப் சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். ஐஸ் கட்டிகளை மிக்ஸியில் கொட்டி முடுக்கினார். கட்டடமே அதிர்ந்தது. எதிர் பால்கனியிலிருந்து ஃபிர்தௌஸ் எட்டிப் பார்த்து, "அக்கா! சுவரை இடிக்கிறீங்களா? என் மாமியார் பயந்து கலிமா சொல்லிக்கிட்டிருக்காங்க!" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்லடி, என் வீட்டுக்காரர் ஜூஸ் போடறாரு!" என்று பஹீகா திருப்பிக் கத்தினாள். சந்து முழுவதும் விஷயம் தெரிந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் மிக்ஸி சூடாகிப் புகைந்தது. ஐஸ் உருகியது. நார் மட்டும் உருகவில்லை. பஹீகா ஒரு வாய் குடித்தாள். பல்லிடுக்கிலிருந்து நீளமான ஒரு நாரை உருவினாள்.

"வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு. உப்பு போட்டா சூப்பு ஆயிடும்," என்றாள். பிறகு நான்கு கொட்டைகளையும் தட்டில் வாரிக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு நீல கவுனைப் போட்டுக்கறேன். அங்கே குளிருதுல்ல, நீங்களும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க."

ஆகஸ்ட் மாதம் ஸ்வெட்டர்! ரகப்புக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றே டாமினோக் கூட்டாளி பய்யூமியைப் போய்ப் பிடித்தார். பய்யூமி மீன்வலைக் கயிறு விற்பவர், நல்ல மனுஷர், யோசிக்காமல் எதற்கும் சரி சொல்பவர். ஆனால் இந்த முறை யோசித்தே சரி சொன்னார். ரகப் வராவிட்டால் அவருக்குக் கூட்டாளி ஷெஹாத்தா. ஷெஹாத்தா கத்தரி பிடித்தாலும் காய் பிடித்தாலும் வாயை மூடமாட்டார்.

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்ததும் ரகப், "இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கறேன்," என்று பஹீகாவை முன்பக்க பால்கனியில் உட்காரவைத்துவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்தினார். மிக்ஸியில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டார். கயிறு கட்டிய கூடையைப் பின்பக்க ஜன்னல் வழியாகச் சந்துக்கு இறக்கினார். தினமும் காலையில் பஹீகா முன்பக்க பால்கனியிலிருந்து ரொட்டிக்கும் தயிருக்கும் இறக்குகிற அதே கூடைதான். கீழே பய்யூமி காபி ஷாப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்த இரண்டு டம்ளர்களை வைத்தார். கூடை ஆடி ஆடி ஏறியது. மூன்றாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த யாருடைய பாவாடையிலோ ஒரு கணம் சிக்கியது. ரகப்பின் உயிர் போய் வந்தது.

பானத்தைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த கல்யாண டம்ளர்களில் ஊற்றினார். புதினா இலை சொருகினார். காலி பிளாஸ்டிக் டம்ளர்கள் அதே கூடையில் கீழே போயின. வாங்கி வைத்த மாம்பழங்கள்? அங்கேதான் ரகப்பின் மூளை! குறையாமல் இருந்தால் சந்தேகம் வரும். நாலைந்தை ஒரு பையில் போட்டு அதையும் இறக்கினார். காவாக்கடை நண்பர்கள் தின்று தீர்த்துவிடுவார்கள். தடயமே கிடையாது.

பஹீகா ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடினாள்.

"அல்லாஹ்! அபூ ஹானி, உங்க கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. கடைக்காரன் தோத்தான் போங்க!"

அவருக்கு நெஞ்சு விரிந்தது. அவள் எழுந்து அடுக்களைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றினாள். குப்பைக்கூடையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அடுக்களை எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒரு குப்பைகூட இல்லையே," என்றாள்.

"முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவன்டி நான்," என்றார் ரகப்.

"அதானே. போயிட்டு வாங்க. அவசரப்பட்டு வர வேண்டாம்."

காவாக்கடையில் ஷெஹாத்தா நாற்காலியை விட்டு எழுந்தபோது ரகப் அடைந்த சந்தோஷம் ஹானி பிறந்தபோது அடைந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. மாம்பழத்தைக் கண்டதும் எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். அன்று ஐந்து ஆட்டத்தில் ஐந்தும் அவருக்கே.

அடுத்த வாரம் பஹீகா, "ஃபிர்தௌஸும் வரேங்கறா. ஒரு டம்ளர் கூடப் போடுங்களேன்," என்றாள். அதற்கடுத்த வாரம் ரகப்பின் சொந்தத் தங்கை சுஆதும் பய்யூமியின் மனைவி நிஅமத்தும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு டம்ளர். கூடை இரண்டு முறை ஏறி இறங்கியது. பய்யூமிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நான்கு பெண்கள் "அபூ ஹானி மாதிரி வருமா!" என்று ஒரே குரலில் சொல்லிக் கேட்பது எல்லா ஆண்களுக்கும் கிடைத்துவிடுமா? மிக்ஸியில் சுழலும் தண்ணீரைப் பார்க்கும்போது தானே அரைப்பதாக அவருக்கும் தோன்றத் தொடங்கிவிட்டது.

பஹீகாவோ தங்கமாக மாறியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்ததும் கால் நீட்டி உட்காரவைத்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் கேட்காதவள்.

"எதிராளி கையிலே அஞ்சு இல்லேன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"போட முடியாம மேஜையைத் தட்டுவான்ல? அப்போ ரெண்டு முனைக்கும் அஞ்சைக் கொண்டாந்து வெச்சிடணும். ஏழு அஞ்சும் வெளியே வந்துட்டா ஆட்டம் பூட்டு! யார் கையிலே புள்ளி கம்மியோ அவனுக்கு ஜெயிப்பு."

"அப்போ கனமான காயை முன்னாடியே தள்ளிடணும்."

"அடடே! உனக்குப் புரியுதே!" ரகப் பூரித்துப்போனார். கொண்டைக்கடலையைப் பரப்பி வைத்து மொத்த வித்தையையும் சொல்லிக்கொடுத்தார். பஹீகா வெறும் "ஓஹோ" என்றாள். எவ்வளவு அடக்கமான மனைவி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நான்காவது வெள்ளியன்று காவாக்கடை மின்விசிறி ஒரு தடவை கத்திவிட்டு நின்றுவிட்டது. நாற்காலிக்கு இருந்த பெருமை எல்லாம் அதோடு போயிற்று. புழுக்கம் தாங்காமல் ஆட்டத்தைப் பாதியில் கலைத்தார்கள். ரகப் மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்பே படியேறினார்.

மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சத்தம் கேட்டது. மரமேஜையில் டாமினோக் காயை ஓங்கி அடிக்கிற சத்தம். உலகத்தில் எந்தச் சத்தத்தை மறந்தாலும் ரகப் அதை மறக்கமாட்டார். நான்காம் மாடிக்கு மூச்சு வாங்காமலே ஏறினார். கதவைத் திறந்தார்.

சாப்பாட்டு மேஜை. அவருடைய வாப்பா விட்டுப்போன தந்தக் காய்கள். நான்கு பக்கமும் நான்கு பெண்கள். கையருகே கல்யாண டம்ளர்களில் மாம்பழம். தலைக்கு மேலே மின்விசிறி, இது நன்றாகவே சுழன்றது.

"பூட்டு!" என்று பஹீகா அடித்த அடியில் டம்ளர்கள் துள்ளின.

"மறுபடியுமா!" என்று சுஆத் தலையில் கை வைத்தாள். "அண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தே. உன் பெண்டாட்டி எங்களை உக்காரவிட மாட்டேங்கறா."

"இது... இது எத்தனை நாளா?" ரகப் மேஜையைச் சுட்டிக் கேட்டார்.

"மூணு வாரமா மாமா," என்றாள் ஃபிர்தௌஸ். "போன வாரம்தான் பூட்டற வித்தையெல்லாம் வந்துச்சு. யாரோ பெரிய ஆள் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கறாராம்."

கோபப்பட வேண்டும் என்று ரகப் நினைத்தார். ஆனால் மேஜையைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. காற்று அருமையாக இருந்தது. ஆட்டமும் நல்ல ஆட்டம். ஷெஹாத்தா எங்கும் இல்லை. கை ஊறியது.

"எனக்கும் ஒரு ஆட்டம்," என்றார்.

பஹீகா நிமிர்ந்து பார்த்தாள். "தோத்தவங்க எழுந்திரிக்கணும். எழுந்தவங்க அடுக்களை வேலை பார்க்கணும். எங்க கடைச் சட்டம். சம்மதமா?"

"இருபத்திரண்டு வருஷ அனுபவம்டி எனக்கு!"

நிஅமத் எழுந்து இடம் கொடுத்தாள். ரகப் உட்கார்ந்தார், காய்களை நிமிர்த்தினார். முதலில் கனமான காயைத் தள்ளினார். பஹீகாவும் தள்ளினாள். அவர் அஞ்சைத் தேடினார். அஞ்சு அவள் கையில் இருந்தது. மூன்றாவது சுற்றில் அவர் போட முடியாமல் மேஜையைத் தட்டினார். தட்டிய கை விலகுவதற்குள் இரண்டு முனையிலும் அஞ்சு வந்து உட்கார்ந்தது. ஒரு சுற்று எல்லோரும் முழித்தார்கள். ஏழாவது அஞ்சை பஹீகா மெதுவாக, கொஞ்சல் போல வைத்தாள்.

"பூட்டு."

புள்ளிகளை எண்ணினார்கள். ரகப் கையில்தான் அதிகம்.

இவ்வளவு சுத்தமான பூட்டை அவர் காவாக்கடையில்கூடப் பார்த்ததில்லை. தோற்ற வருத்தத்தோடு, இவள் என் மாணவி என்ற பெருமையும் கொஞ்சம் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார். நிஅமத் உடனே உட்கார்ந்துகொண்டாள்.

"நாலு டம்ளரும் காலி அபூ ஹானி," என்றாள் பஹீகா, காய்களைக் கலைத்துக்கொண்டே. "பய்யூமி பாவம், கூடைகிட்டே ஓடி ஓடி இளைச்சுட்டாரு. நீங்களே போடுங்க."

ரகப் அடுக்களை வாசலைத் தாண்டுவதற்குள் பஹீகா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"இந்தத் தடவையாவது கொட்டை வரட்டும்."