சம்பந்தி வீட்டு வெப்சைட்

ஒரு வெப்சைட்டைக் கத்திரிக்கோலால் வெட்டி, கோந்து தடவி ஒட்டி, மஞ்சள் பையில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுபோன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பீளமேடு ஆபீஸின் 'கத்திரி'. மறுப்பவர்கள் நேரில் வரலாம், வாதாட நான் தயார்!

எல்லோரும் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் கத்திரிக்கோல் செருகியிருப்பார். எந்த வெப்சைட்டையும் முதலில் காகிதத்தில் வரைந்து, நாலு பேரிடம் காட்டியே ஆகவேண்டும். வந்தவர் காகிதப் பட்டனில் விரல் வைத்தால் இவர் சட்டென்று அடுத்த தாளை எடுத்து வைப்பார். "இப்ப நான் மனுசன் இல்லீங்க, கம்ப்யூட்டர்" என்பார். தாள் கிடைக்கத் தாமதமானால் ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றுவார். லோடிங்காம்!

ஒருநாள் யாரோ ஃபேனைப் போட்டுவிட்டார்கள். முழு வெப்சைட்டும் ஜன்னல் வழியே பறந்து கீழே பேக்கரி வாசலில் இறங்கியது. "சர்வர் டவுனுங்கோ!" என்று கத்தியபடி படியிறங்கி ஓடினார் மனுஷன்.

அப்போது நான் அங்கே சேர்ந்து மூன்று மாதம். நான் செய்த முதல் வெப்சைட்டைப் பார்த்த வாடிக்கையாளர், "நல்லா இருக்குதுங்க, பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றார். நான் குதித்தேன். அவர் அப்புறம் போனே எடுக்கவில்லை. "அட, நம்மூர்ல அதுக்கு 'வேண்டாம்'னு அர்த்தமுங்க அம்மணி! மூஞ்சிக்கு நேரா யாரு குறை சொல்லுவாங்க?" என்று கத்திரி தலையிலடித்துக்கொண்டார். "அடுத்ததும் போச்சுன்னா நீங்களும் கெளம்பிருங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அடுத்தது, கிரைண்டர் உதிரிபாகக் கடை. முதலாளியம்மா நேரில் வந்தார்; மேனேஜரும் கூடவே உட்கார்ந்தார். வேலை எங்கள் இருவரிடமும் தரப்பட்டது; தாள்களை எல்லாம் வரைந்தவள் நான். கத்திரி தாள் மாற்ற மாற்ற, அம்மா ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்து, "நல்லா இருக்குதுங்க" என்றார். இன்னொரு தாள். "இதுவும் நல்லா இருக்குதுங்க." போச்சு, வேலை போச்சு!

கத்திரி கம்ப்யூட்டராக இருப்பதை நிறுத்தினார்.

"ஏனுங்கம்மா, ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். இதே உங்க சம்பந்தி ஊட்டுக்காரங்க செஞ்சிருந்தா என்ன சொல்லுவீங்க?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார்.

"சம்பந்தி ஊட்டுக்காரங்களா? ஒரு பெல்ட்டு வாங்க வந்தவகிட்ட எதுக்குங்க பொறந்த தேதி? பொண்ணு பாக்கவா வந்திருக்கறேன்? போன் நம்பர்ல ஒண்ணு உட்டுப்போட்டா 'தவறு'ன்னு செவப்புல மொறைக்குது! வாங்கி முடிச்சாக் கடைசியில 'வெளியேறு'ங்குது! வந்தவங்களைக் கழுத்தைப் புடிச்சுத் தள்ளறதா? எந்தக் கூறுகெட்டது செஞ்சதுங்க இதை?"

ஐயோ, அரை மணி நேரம்! சம்பந்திமேல் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. மூச்சு வாங்கியபின் கேட்டார்: "நெசமாவே யாருங்க செஞ்சது?"

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். நான் குனிந்து தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"நானுங்கம்மா. அவசரத்துல செஞ்சுபோட்டேன்" என்றார் கத்திரி.

அங்கேயே கத்திரிக்கோலை உருவிப் பிறந்த தேதியை நறுக்கி எறிந்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். 'தவறு' இருந்த இடத்தில் 'ஒரு எண் விட்டுப்போச்சுங்க' என்று எழுதினேன். 'வெளியேறு' மேல் 'போயிட்டு வாங்க' ஒட்டினேன். அம்மா மறுபடி விரல் வைத்தார். நாலே தாளில் பெல்ட் வாங்கிவிட்டார்!

"அட, இப்பச் செரியா இருக்குது! திருத்துனது யாருங்க?"

"இந்த அம்மணிங்க" என்று கத்திரிக்கோலாலேயே என்னைக் காட்டினார்.

"அப்ப இந்த அம்மணியே செய்யட்டுமுங்க" என்றார் அவர். வேலை தங்கியது.

கத்திரி இப்போது பெருந்துறையில் வேறு கம்பெனியில் இருக்கிறார். அன்று அந்த அறையில் நான் வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் படிக்கிற இடத்தில் இப்போது சொல்கிறேன்: அந்தக் கூறுகெட்டது நான்தான் சார்.