கர்னலின் கழுத்தும் அத்தானின் கத்தியும்

நாட்டைக் காப்பது ராணுவம். ராணுவத்தைக் காப்பது சந்தேகம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த கர்னலுக்கு உதவியாளனாக இருப்பது நான் செய்த புண்ணியம்.

பழைய அரசு கவிழ்ந்து, புது அரசு நாற்காலியில் இன்னும் சரியாக உட்காராத நேரம். தெருவெல்லாம் கோஷம். 'சதி' எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஆராய அதிகாரிகள் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஒருவரையொருவர் முறைத்து முடித்ததும் கர்னல் மேசையைத் தட்டினார்.

"நம்ம எல்லார் கழுத்துக்கிட்டயும் கத்தியோட வர்றவன் யாரு?"

"முடிவெட்டுறவர், சார்" என்றார் மேஜர்.

"'தலையைக் குனிங்க'ன்னு சொல்றான். நானும் குனியறேன்! எனக்கே உத்தரவு போடுறவன் சும்மா இருப்பானா?"

கூட்டம் ஆடிப்போய்விட்டது. முகாமின் முடிதிருத்துபவரை அன்றே பிடித்து அடைத்தோம். அவர் என் அக்காவின் கணவர் என்பது நாட்டு நலனுக்கு முன்னால் சின்ன விஷயம்.

அதன்பிறகு வளர்ந்தது தாடி. வேறு யாரையும் நம்பிக் கழுத்தை நீட்ட அதிகாரிகள் தயாராக இல்லை. தாங்களே சவரம் செய்துகொள்ளும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது. இதில் ஒரு 'சிறு' சிக்கல். தாடி வைத்தவனெல்லாம் கலகக்காரன் என்று ஏற்கெனவே உத்தரவு போட்டவரும் இதே கர்னல்தான். ஒருநாள் வாசல் காவலாளி அவரையே சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னான். கடமை தவறாதவன். இப்போது அவனும் அத்தானோடு உள்ளே இருக்கிறான்.

மறுபடி கூட்டம்.

"தாடியை எடுக்கணும்னா அவரை விட்டாகணும் சார்..." என்று மேஜர் மோவாயைச் சொறிந்தபடி இழுத்தார்.

"எதுக்கு? உத்தரவை மாத்துங்க. இனிமே தாடி வச்சவன் விசுவாசி. மழமழன்னு வர்றவனைப் பிடிங்க!"

அடடா, என்ன மூளை! மாலைக்குள் மழித்த முகங்களையெல்லாம் லாரியில் ஏற்றினோம்.

மறுநாள் அக்கா முகாம் வாசலில் வந்து நின்றாள்.

"அவரை எப்படா விடுவீங்க?"

"எப்படிக்கா விட முடியும்? மழமழன்னு முகங்களை உற்பத்தி பண்றதே அத்தான்தானே!" என்று பொறுமையாக விளக்கினேன்.

அக்கா என் புதுத் தாடியையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இத்தனை வருஷமா உங்க அத்தனை பேர் கழுத்துலயும் அவர் கத்தி வச்சாரு. யாருக்காவது ஒரு கீறல் உண்டா? உங்க கையில துப்பாக்கியைக் குடுத்தோம். எங்கள்ல யார் கழுத்துடா பத்திரமா இருக்கு?"

என்னிடம் உத்தரவு இருந்தது. அக்காவின் முகத்தில் ஒரு முடிகூட இல்லை, புதுக் காவலாளியைக் கூப்பிட்டேன்.