வாக்கி டாக்கிக்குப் பொட்டு வைத்த கதை

ஜீப்புகளுக்கு வாக்கி டாக்கி வாங்கி வர வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

நான் திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ரோடே இல்லாத கரட்டிலும் மணலிலும் குலுக்கி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். அதற்கு அவர்கள் காசும் கொடுப்பார்கள், நன்றியும் சொல்வார்கள்.

எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. அதனால் எப்போதும் ஒரு பயம். நிரந்தரம் ஆனாலும் பயப்படுவேன், அது வேறு விஷயம்.

ஓனர் கூப்பிட்டார். "ஏம்மா தேவி, நீ இன்ஜினியரிங்ல ஈசிஈ தானே?"

"ஆமா சார்."

"பள்ளத்துல எறங்கினா செல்போன் எடுக்கல. நல்ல வாக்கி டாக்கியா செலெக்ட் பண்ணு. ஞாயித்துக்கெழம ஸ்ரீசிட்டி ஃபேக்டரி ஒண்ணுலேர்ந்து பார்ட்டி ட்ரயல் பாக்க வருது. அவங்களுக்குப் பிடிச்சிட்டா உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து."

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. சொந்த ஊர் நகரியில் எங்கள் தெருவில் மிக்சி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வயர்லெஸ் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவள் நான். வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்ததில்லை. இதை ஓனரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய செட்டாக ஒன்றை எடுத்து வைத்தார். "இது பத்து கிலோமீட்டர் வரும் மேடம்."

"எங்க வரும்?"

"பாக்ஸ்ல போட்டிருக்கு மேடம்."

"இதுக்கு லைசென்ஸ் வேணுமே?"

"யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேனே."

அவர் பெருமூச்சு விட்டார். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன செட்டுகள் இரண்டு வகை வந்தன. ஒன்றில் தொடர்ந்து கொஞ்ச நேரம் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் செட் தானாகக் கட் ஆகிவிடும்.

"இதான் சேஃப்டி மேடம். இத எடுத்துக்கோங்க."

நான் யோசித்தேன். மலைச்சரிவில் ஜீப் தொங்குகிறது. நான் "காப்பாத்துங்க" என்று கத்துகிறேன். 'காப்பா'விலேயே கட் ஆகிவிடுகிறது!

"கட் ஆகாததே கொடுங்க," என்றேன்.

"மேடம், அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது." கை கழுவிவிட்டார்.

எனக்குத் திருப்தி இல்லை. எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டுமே! ஒரு செட்டை அவரிடமே கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தேன்.

திருப்பதியில் கையில் வாக்கி டாக்கியோடு யாரும் சும்மா நிற்கக் கூடாது. இது எனக்கு அப்போது தெரியாது.

மொட்டை போட்ட ஒரு பெரியவர் வந்தார். "அம்மா, தர்ம தரிசனத்துக்கு டோக்கன் எங்க குடுக்கறாங்க?"

"எனக்குத் தெரியாதுங்க, நான் ஜீப் கம்பெனி..."

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்து கடைக்காரர் குரல் வந்தது. "மேடம், நான் லைன்ல இருக்கேன். லைன் கிளியரா இருக்கு. ஓவர்!"

அவ்வளவுதான். என்னைத் தேவஸ்தானத்து ஆள் என்று முடிவு செய்து, பெரியவர் என் பின்னால் நின்றுகொண்டார். அவர் பின்னால் அவர் குடும்பம். அதன் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால், மூன்றாவது ஆள் எதற்கென்று கேட்க மாட்டார். நின்ற பிறகுதான் கேட்பார்.

நான் நடந்தேன். வரிசையும் நடந்தது. ஒரு டீக்கடைக்குள் புகுந்து, பின்பக்கமாக வெளியேறித் தப்பித்தேன். அந்த வரிசை அங்கே டீ குடித்துக் கலைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தூரம் பரவாயில்லை. இரண்டு செட்டும் வாங்கியாயிற்று.

ஞாயிறு காலை. எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் தொட மாட்டோம். தறிக்கு வைப்போம், மோட்டாருக்கு வைப்போம், கரண்ட் மீட்டருக்கே வைப்போம். என் செட்டுக்கும் பூஜை போட்டேன். எந்தப் பாகம் முக்கியமோ அங்கே தாராளமாக வைக்க வேண்டும் என்பது என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, சொல்லித் தந்தது. வாக்கி டாக்கியில் முக்கியம் பேசும் பட்டன். சந்தனத்தைக் குழைத்து அதன் மேலே அப்பினேன். உச்சியில் ஒரு குட்டி விளக்கு நெற்றி மாதிரி இருந்தது. குங்குமத்தை அதன் மேலே வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பாலசமுத்திரம் பக்கம் ஒரு வறண்ட ஏரி. முன் ஜீப்பை ஓனரே ஓட்டினார். அதில் ஸ்ரீசிட்டி மேடமும் அவருடைய ஆபீஸ் சார் ஒருவரும். பின் ஜீப்பில் நானும் டிரைவர் சீனு அண்ணனும். ஒரு செட் ஓனரிடம், பொட்டு வைத்தது என்னிடம். அவர்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். நாங்கள் கரை மேல் நின்றோம். நடுவில் ஒரு கருவேலங்காடு, அதனால் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் பட்டனை அழுத்தி, "சார், நாங்க கரை மேல இருக்கோம். ஓவர்!" என்றேன். பதில் இல்லை. ரேடியோ அமைதியாக இருந்தது. பிரச்சினை எதுவும் இல்லை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கரை மேல் சிக்னல் இருந்தது. நைனா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாம்மா, துன்னியா? வேல பர்மனென்ட் ஆச்சா?"

"இன்னிக்கு வண்டி நல்லா ஓடினா ஆவும் நைனா."

"அப்புறம் இன்னா பயம்? உங்க ஓனரு தானே ஓட்டிக்கினு கீறாரு?"

"அதான் நைனா பயமே!"

சீனு அண்ணன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன், அவருக்கு ஓட்டத் தெரியாதா?"

"ரோட்ல ஓட்டுவாரு. மணல்ல சிக்கினா வண்டிய நிறுத்தி, நியூட்ரல்ல வெச்சி, பக்கத்துல கீற சின்ன கியரப் பின்னாடி இழுக்கணும். அப்பத்தான் நாலு சக்கரமும் வேல செய்யும். அத மறந்துட்டு ஆக்சிலேட்டரையே மிதிச்சிக்கினு இருப்பாரு. வண்டி இன்னும் பொதையும். கேட்டா மணலோட குவாலிட்டி சரியில்லன்னுவாரு."

"யாராவது சொல்றது தானே?"

"சீனு அண்ணன் சொன்னாரு. அந்த வாரம் பூரா ஜீப் கழுவ விட்டுட்டாரு."

"அத ஏம்மா இப்போ..." என்றார் சீனு அண்ணன்.

"நீ ஓட்டுவியாம்மா?"

"எனக்கு ஸ்கூட்டியே நேரா வராது நைனா."

அப்போது கருவேலங்காட்டின் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. ஜீப் நாலு சக்கரத்தாலும் மணலை வாரி இறைத்துக்கொண்டு கரை ஏறி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஓனர் முகம் இஞ்சி தின்றது மாதிரி இருந்தது. பின்சீட்டில் ஆபீஸ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மேடம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடம்தான் முதலில் பேசினார். "துன்னியான்னு அப்பா கேட்டாரே, அதுக்கு நீ பதிலே சொல்லலியேம்மா?"

நைனாவின் போனை அவசரமாகக் கட் செய்தேன்.

"மணல்ல மாட்டிக்கிட்டு எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா?" என்றார் ஓனர். "நீ பேசி முடிச்சாத்தானே நான் பேச முடியும்!"

செட்டைப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து, பட்டன் உள்ளே போனது போனபடியே ஒட்டியிருந்தது. நகத்தால் குங்குமத்தைச் சுரண்டினேன். அடியில், பேசும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

வேலை போயிற்று, நகரிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மேடம் ஓனரிடம் சொன்னார். "சார், இந்த ஏற்பாடு எனக்குப் பிடிச்சிருக்கு. வண்டி சிக்கினா எப்படி எடுக்கணும்னு மேலேர்ந்து ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு. எல்லா ட்ரிப்லயும் இது உண்டா?"

ஓனர் என்னைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார்.

"உண்டு மேடம். அதுக்குன்னே ஆள் போட்டிருக்கோம்."

திரும்பி வரும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு உன் ஆர்டர நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வா. கையெழுத்து போடறேன்."

"சார், ரொம்ப சாரி சார்..."

"போதும். அந்த மணல் நிஜமாவே குவாலிட்டி சரியில்லம்மா."

"ஆமா சார்," என்றேன். என் நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு.

நீங்கள் வாக்கி டாக்கி வாங்கப் போனால் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கடைக்காரரிடம் விசாரிக்காதீர்கள். எப்போது கேட்காது என்று விசாரியுங்கள்.