மேஜரும் சம்பந்தியின் கேரியரும்

விவேக் நகர்,
பெங்களூர்.

மல்லேஸ்வரம் சம்பந்தி வெங்கடராமன் அவர்களுக்கு, விவேக் நகர் ஜெயராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜோசஃபினும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், மாப்பிள்ளை, எங்கள் பிரிஸில்லா, பேத்தி ஆகியோர் சுகத்தையும் அறிய ஆவல். மேஜரும் சுகம். நாய் சுகம் என்று எழுத ஒரு தகப்பன் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். உங்கள் நாலடுக்கு டிபன் கேரியரை வெந்நீரில் போட்டுத் தேய்த்துத் துடைத்து வாசலருகே பையில் வைத்தாயிற்று. நாளை பிரிஸில்லா வந்து எடுத்துக்கொண்டு வருவாள். கூடவே இதுவும் வரும்.

மேஜரைப் பற்றி நீங்கள் அறிந்தது கொஞ்சம். அவன் ஜாதி நாய் இல்லை. அவன் அப்பா யாரென்று ஆஸ்டின் டவுன் முழுக்க விசாரித்துப் பார்த்தும் துப்புக் கிடைக்கவில்லை. ஆனால் புத்தி என்றால் புத்தி! கோயில் மணி அடித்தால் எழுந்து நிற்பான், போஸ்ட்மேனைப் பார்த்தால் வாலாட்டுவான், வட்டிக்கு விடுகிறவனைப் பார்த்தால் மட்டும் உறுமுவான். அப்பேர்ப்பட்டவனுக்குப் போன மழைக்காலத்தில் வயிறு கெட்டது. சரியாகும், கெடும், சரியாகும், கெடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும், நிச்சயதார்த்தத்தன்றே சொன்னேன், கல்யாணத்தன்றும் சொன்னேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பேரிங்கூட வெளியே போனதில்லை. அதே கண்ணோடு தினமும் காலையில் மேஜருக்குப் பின்னால் தெருவில் குனிந்து நிற்பேன். தினமும் ரிஜெக்ட். எதிர்வீட்டு லட்சுமம்மா, "ஏன் சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் காலையில் கதவைத் திறப்பதில்லை.

டாக்டர் நிருபமாவிடம் கொண்டுபோனோம். சாம்பிள் கேட்டிருந்தார்கள். கையில் கிடைத்த டப்பாவில் கொண்டுபோனேன். அது ஜோசஃபின் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் போட்டு வைக்கிற டப்பா என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அந்த விவகாரம் தனி, அதை இங்கே கிளறவில்லை. ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, குடலில் நாள்பட்ட அழற்சி, முழுதாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம், மாத்திரை பாதி, சாப்பாடு பாதி என்றார் டாக்டரம்மா. கொழுப்பே ஆகாது, அதோடு அவன் இதுவரை சாப்பிடாத புரதமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும், பழகியதெல்லாம் குடலுக்குப் பகையாகிவிட்டது என்றார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, என்னென்ன இறைச்சி சாப்பிட்டதில்லை என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோழி, ஆடு, மாடு, பன்றி, கிறிஸ்துமஸுக்கு வாத்து, ஈஸ்டருக்கு வான்கோழி, காடை, முயல், சுறாப்புட்டு, நண்டு என்று அடுக்கினேன். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒன்று, வந்த பிள்ளைக்கு ஒன்று என்று வித்தியாசம் பார்த்ததே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அங்கிள், நான் கேட்டது சாப்பிடாதது" என்றார். யோசித்தேன். ஜோசஃபினும் யோசித்தாள். ஒன்றும் இல்லை சம்பந்தி. பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

மூட்டையில் வருகிற ஸ்பெஷல் சாப்பாடு கொடுத்தார்கள். மேஜர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டைக் கவ்விக்கொண்டுபோய் ஜோசஃபின் காலடியில் வைத்தான். தண்ணீரில் ஊறவைத்தோம், கையில் ஊட்டினோம், நானே ஒன்றை வாயில் போட்டு "ஆஹா" என்று சொல்லிக் காட்டினேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ராகிக் கஞ்சி வைத்தோம், வாந்தி. தயிர்சாதம் வைத்தோம், அதைப் பற்றி எழுதினால் உங்களுக்குத் தயிர்சாதம் இறங்காது, விட்டுவிடுகிறேன். கடைசியில் எதையுமே தொடாமல் படுத்துவிட்டான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே இளைச்சுக்கிட்டே போனா ரொம்ப நாள் தாங்க மாட்டான் அங்கிள், மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். ஆட்டோவில் ஜோசஃபின் அழுதுகொண்டே வந்தாள். நானும் அழுதேன். பிரிஸில்லா கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் நான் மேஜரைக் கூப்பிடுகிற சத்தம்தான் சம்பந்தி.

அந்த வாரம்தான் நீங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வழக்கம்போல உங்கள் கையில் கேரியர். இப்போது மனசுவிட்டு எழுதுகிறேன். அந்தக் கேரியரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் தடவை நீங்கள் வருகிறீர்கள் என்றதும் ஜோசஃபின் உங்களுக்கென்றே புது வாணலி, புதுக் கரண்டி, புதுத் தட்டு வாங்கி, கறி மீன் படாமல் தனி அலமாரியில் பூட்டி வைத்தாள். நீங்கள் வந்தீர்கள், சிரித்தீர்கள், எங்கள் மேஜையில் உட்கார்ந்து உங்கள் கேரியரைத் திறந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு தடவையும் இதேதான். அந்தப் புது வாணலி இன்னும் புதுசாகவே இருக்கிறது. நான் வாய் திறக்கவில்லை, பெண்ணைக் கொடுத்தவன். ஆனால் உள்ளுக்குள் கொதித்தது, ஆமாம், கொதிச்சுதுங்க, அதுல என்ன ஒளிவு மறைவு?

அன்றைக்கு நீங்கள் கேரியரைப் பிரித்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனீர்கள். கஞ்சித் தண்ணிகூடத் தொடாத மேஜர் எழுந்தான். தள்ளாடிக்கொண்டே வந்தான். நாற்காலியில் முன்னங்காலை வைத்து உங்கள் சௌசௌ கூட்டில் மூக்கை விட்டான். சம்பந்தி, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. எப்படித் தடுப்பேன், அவன் சாப்பிடுகிறான்! நாக்கு எவர்சில்வரில் படுகிற சத்தம் கேட்டு ஜோசஃபின் ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டாள். நீங்கள் ஈரக்கையோடு வந்து நின்றீர்கள். சண்டைதான் என்று நினைத்தேன். தயாராகவும் இருந்தேன்.

நீங்கள் மெதுவாக, "சாப்பிடட்டும் விடுங்கோ. அவனுக்கும் எனக்கும் ஒரே வியாதி போலிருக்கு" என்றீர்கள்.

அப்புறம்தானே விஷயமே வெளியே வந்தது. வருஷக்கணக்காக உங்களுக்கும் குடலில் அதே அழற்சி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது, வெங்காயம், பூண்டு, மிளகாய், தேங்காய், தாளிப்பு எதுவும் ஆகாது, வெந்த பாசிப்பருப்பும் சௌசௌவும் குழைந்த சாதமும் மட்டும், அதையும் நீங்களே உங்கள் கையால் வேகவைப்பது, சொந்தத் தங்கை வீட்டுக்குப் போனாலும் கேரியரோடு போவது, எல்லாம். "சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி?" என்றேன். "வயத்தைப் பத்தி சம்பந்தி ஆத்துல எப்படிப் பேசறது? உங்க மாப்பிள்ளைகிட்டயும் பிரிஸில்லாகிட்டயும் வாயைத் திறக்கப்படாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன்" என்று தலையைக் குனிந்துகொண்டீர்கள். வயிற்றைப் பற்றி விவேக் நகர் முழுக்கப் பேசுகிற என் முன்னால்! உங்க வயித்துவலியை நான் இத்தனை நாளா ஆசாரம்னு நெனச்சிட்டு இருந்தேன் சம்பந்தி. இதை நேரில் சொல்ல நா எழவில்லை.

கேரியரை எங்களிடமே விட்டுவிட்டு, எவர்சில்வருக்கு என்ன, தேய்த்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பட்டினியாகக் கிளம்பினீர்கள். மறுநாள் காலை தெருவில் குனிந்து பார்த்தேன். பாஸ்! சுத்தமான பாஸ். லட்சுமம்மா வீட்டுக் கதவைத் தட்டி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அது கல்யாண வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், உங்கள் பெரியம்மா போட்டிருந்த ஏகாதசி வாழ்த்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. பிரிஸில்லா அழித்துவிடச் சொல்லிக் கத்தினாள். பெருமைப்பட வேண்டிய விஷயத்தை எதற்கு அழிப்பது? நீங்கள் ஒருவர்தான் "மிக்க மகிழ்ச்சி" என்று பதில் போட்டீர்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். உப்பையும் எடுத்துவிடச் சொல்லி, சத்துப்பொடி ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். மாத்திரைக்கும் பங்கு உண்டு என்றார்கள். இருக்கட்டும். அன்றிலிருந்து கூட்டு என் கையால்தான். காடை, முயல் எல்லாம் வெந்த வீட்டில் அந்தப் புது வாணலியில் நான் நின்று பாசிப்பருப்புக் கிளறுகிறேன். அளவு தப்பாமல் இருக்கட்டும் என்று உங்கள் கேரியரின் மேலடுக்கில் போட்டு வைப்பேன், துடைத்துவிட்டு நிமிர்வான். எடை கூடியிருக்கிறது, முடி பளபளக்கிறது, வட்டிக்காரனைப் பார்த்து மறுபடி உறுமுகிறான். கோயிலில் ஜோசஃபின் மெழுகுவர்த்தி ஏற்றினாள், அது அவள் கணக்கு. என் கணக்கில் பாகம் பிடிபட்டுவிட்டது. இனி எங்களுக்குக் கேரியர் தேவையில்லை. நீங்கள் தாராளமாக அதில் உங்கள் சாப்பாட்டைக் கொண்டுவரலாம், நான் இனிமேல் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று, அது எங்கள் வீட்டில் நாய்ச் சாப்பாடுதான், மனிதர் யாரும் தொடுவதாக இல்லை.

பேத்திக்கு எங்கள் முத்தம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். எங்கள் குழந்தை இயேசுவும் உங்கள் பிள்ளையாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று உங்கள் வயிற்றைக் காப்பாற்றட்டும்.

அன்புள்ள சம்பந்தி,
ஜெயராஜ்

பி.கு.: மேலே எழுதி முடித்துவிட்டு மேஜருக்குக் கூட்டை அவன் தட்டில் போட்டேன். பார்த்தான். தொடவில்லை. வாசலுக்குப் போய் உங்கள் கேரியர் இருக்கிற பைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டான். சோதித்துப் பார்க்க நான் ஒரு வாய் தின்றேன், குறை ஒன்றும் இல்லை. இன்னொரு வாய் தின்றேன். வருஷக்கணக்காக இருக்கிற என் நெஞ்செரிச்சலுக்குக்கூட நன்றாகத்தான் இருக்கிறது. சட்டியில் பாதி காலி. மீதியைக் கேரியரின் மேலடுக்கில் மாற்றி வைத்த பிறகுதான் மேஜர் சாப்பிட்டான். ஆகவே பிரிஸில்லாவிடம் கடிதம் மட்டும் வருகிறது, கேரியர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வாருங்கள். உப்பு உங்களுக்குத் தனியாகப் போட்டுவிடுகிறேன். ஜோசஃபின் உங்கள் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள்.